ஊட்டி பயணத்தில் எங்கள் இரட்டையரைத் தூக்கிக்கொண்ட எல்லோருக்கும்

வணக்கம். ஜனவரி கடைசி வாரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போன குடும்பம் நாங்கள். நான், என் கணவர், மூட்டுவலியோடு வந்த என் மாமியார், அப்புறம் இரண்டரை வயது யாழினி, குழலினி. ஆறு நிமிஷ இடைவெளியில் பிறந்தவர்கள், ஒரே முகம், அன்று இரண்டு பேருக்கும் ஒரே மஞ்சள் ஸ்வெட்டர். வழியெல்லாம் எங்களுக்கு உதவிய உங்களில் ஒருவருடைய பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டோம். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை, அதனால்தான் இந்த மடல்.

இரட்டைக் குழந்தைகளோடு வெளியூர் போனவர்களுக்குத் தெரியும், ஒருத்திக்குக் கால் கழுவி விடும்போது இன்னொருத்தி படியில் இறங்கிக்கொண்டிருப்பாள். "கொஞ்சம் வளரட்டும், அப்புறம் போகலாம்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த ரயிலில் போகணும் என்று ஆசை, இப்போது 68 வயது, முட்டி நாளுக்கு நாள் மோசமாகிறது, இனியும் தள்ளிப் போட மனசு வரவில்லை.

சென்னையிலிருந்து வந்த ராத்திரி ரயிலிலேயே முதல் உதவி. எங்களுக்கு ஒரே ஒரு கீழ் பெர்த்தான், அதை அத்தைக்குக் கொடுத்துவிட்டு நான் விழித்துக்கொண்டு நின்றபோது, எதிரில் இருந்த பெரியவர் ஒன்றும் கேட்காமல் தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். ஐயா, குழந்தைகள் விடிய விடிய அசையாமல் தூங்கினார்கள்.

காலை 7.10க்கு மலை ரயில். ஐந்து வயதுக்குக் கீழே என்பதால் பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை, அதனால் உட்காரத் தனி இடமும் இல்லை. எதிரெதிர் பெஞ்சு, முட்டியோடு முட்டி இடிக்கும் இடம், 46 கிலோமீட்டர் தூரத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் மடியிலேயே. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. அங்கிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் ஓடுகிறது, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைப் பிடித்துப் பிடித்து, பின்னாலிருந்து மொத்த வண்டியையும் மேலே தள்ளுகிறது. அந்தத் தடதட சத்தமே குழலினிக்குப் பயம். அதோடு முதல் குகை வந்தது, வண்டி முழுக்க "ஓ" என்று கத்தினார்கள், அவள் வீறிட்டு அழுது பாலையெல்லாம் என் மேல் வாந்தி எடுத்துவிட்டாள்.

எதிரே இருந்த கல்லூரிப் பெண்களே, உங்களுக்கு அதிகம் போனால் இருபது வயது இருக்கும். கத்தியதும் நீங்கள்தான், அடுத்த நொடி எழுந்ததும் நீங்கள்தான். ஒருத்தி யாழினியைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள், இன்னொருத்தி தன் துப்பட்டாவையே நனைத்து என் தோளைத் துடைத்தாள், நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், காதிலேயே வாங்கவில்லை. அடுத்த குகைக்கு மூன்று பேரும் போன் டார்ச்சைப் போட்டுக் கூரையில் விரலால் முயல் காட்டினீர்கள். மொத்தம் 16 குகைகள் இருக்கும் பாதை அது. நாலாவது குகையில் குழலினி அழவில்லை. அதற்கப்புறம் "இன்னொரு முயல்" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

பிரேக்ஸ்மேன் அண்ணனையும் சொல்லணும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கொடியோடு ஒருவர் நின்று கை பிரேக்கைப் பார்த்துக்கொள்கிறார், பனியும் புகையும் முகத்தில் அடிக்க. எவ்வளவு கஷ்டமான வேலை என்று பக்கத்தில் பார்த்தால்தான் தெரிகிறது. ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது குழந்தை ஏன் அழுதது என்று விசாரித்தார். அதிலிருந்து ஒவ்வொரு குகைக்கு முன்னாலும் பலகையில் இரண்டு தட்டு தட்டினார், எங்களுக்காக மட்டும். அங்கே யாழினி கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு பறிக்க வந்தபோது விரட்டியதும் அவர்தான்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டும் நேரத்தில் பால் காய்ச்சிக் கொடுத்த டீக்கடை அண்ணனுக்கும் நன்றி. ஃபிளாஸ்க்கை இரண்டு தடவை வெந்நீரில் அலசிவிட்டு ஊற்றினீர்கள். காசை எடுத்து நீட்டினால் "குழந்தைப் பாலுக்கா?" என்று திரும்பிக்கொண்டீர்கள்.

இனிமேல் சொல்லப்போவதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. மறுநாள் தாவரவியல் பூங்கா. 1848ல் தொடங்கிய பூங்கா, மேடும் பள்ளமும் படியுமாக எவ்வளவு பெரிது என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. அத்தையை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தோம், என் கணவர் தண்ணீர் பிடிக்கப் போனார், நான் குனிந்து குழலினியின் ஷூ லேஸைக் கட்டினேன். நிமிர்ந்தால் யாழினி இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று அப்போதுதான் கடந்து போயிருந்தது. பக்கத்தில் அல்லிக்குளம் இருக்கிறது என்பது மட்டும்தான் என் தலையில் ஓடியது, பெயரைச் சொல்லிக் கூப்பிடக் குரலே எழும்பவில்லை.

ஐந்து நிமிஷம் இருக்கும். மேட்டிலிருந்து நீங்கள் இறங்கி வந்தீர்கள் அக்கா, இடுப்பில் யாழினி, உங்கள் சால்வைக்குள் சுற்றி, மூக்கு மட்டும் தெரிந்தது. பாலக்காட்டிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னீர்கள். பூங்காவில் இருக்கும் கல்மரத்து (கல்லாகிப்போன பழங்கால மரம்) பக்கம் தனியாக நடந்து போனவளைப் பார்த்ததும், இதே முகத்தை, இதே மஞ்சள் ஸ்வெட்டரை இப்போதுதானே கீழே ஒரு அம்மா பக்கத்தில் பார்த்தோம், அப்படியானால் இது இன்னொன்று என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. மலையாளமும் தமிழும் கலந்து "ரெண்டும் ஒண்ணு போலே, அதான் கண்டுபிடிச்சேன்" என்றீர்கள். ஒரே மாதிரி உடுத்தாதே, அடையாளம் தெரியாது என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த உடைதான் என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது.

நான் அழுதுகொண்டே நின்றேன். உங்கள் முதுகைத் தட்டி ஒரு வார்த்தை ஒழுங்காகச் சொல்லவில்லை. உங்கள் கூட்டத்தார் வேனில் காத்திருக்கிறார்கள் என்று ஓடினீர்கள், சால்வையை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

அது எங்களிடம்தான் இருக்கிறது. அரக்கு நிறம், ஒரு மூலையில் கிழிசலைப் பச்சை நூலால் தைத்திருக்கிறீர்கள். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இது உங்கள் பார்வைக்கு வந்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள் அக்கா. பாலக்காடு ஒன்றும் தூரமில்லை, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நானே நேரில் வந்து தருகிறேன்.