சுண்டுவிரலுக்கு அவகாசம் கொடு

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மா உன் முகத்தைப் பார்த்துவிட்டு மெலிந்துபோனாய் என்றாள். நான் உன் கைகளைப் பார்த்தேன். வட்ஸ்அப்பில் கதைத்தால் பாதியில் லைன் போய்விடுகிறது, சொல்ல வந்ததும் அதோடு போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். ஒரு தடவை சும்மா வாசி. பிறகு பேஸ் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை வாசி.

விரலுக்குப் பலம் வர, கையால் அமுக்கிப் பழகும் அந்த ஸ்பிரிங் சாமானை வாங்கவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மகள். அது இறுக்கிப் பிடிக்கத்தான் பழக்கும். பேஸ் வாசிக்கிறவர் பழக வேண்டியது இறுக்காமல் இருப்பதை. உன் விரலில் பலம் காணாது என்று நீ எழுதுகிறாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்து, மணிக்கட்டு மடிந்து, இடது தோள் காதுவரை ஏறிப்போய் இருக்கிறது. தேவைக்கு மேலே எவ்வளவோ பலத்தை நீ கொட்டிக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் ஒரு பாட்டு முடிவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது.

இன்றைக்கே இதைச் செய்து பார். டி கம்பியில், பேஸின் கழுத்துக்குக் குறுக்கே பதித்த பிரெட் கம்பிகளில் ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் ஆட்காட்டி விரலைச் சும்மா தொட்டபடி வை, அமுக்காதே. வலக்கையால் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிரு. முதலில் "டப் டப்" என்று செத்த சத்தம் வரும். மெல்ல மெல்ல அழுத்து. அடுத்து ஒரு கிறுகிறுப்பு வரும், அதற்கு அடுத்து சத்தம் சுத்தமாகும். சுத்தமான அந்த இடத்திலே நில். உனக்குத் தேவையான பலம் அவ்வளவுதான், அதற்கு மேலே ஒரு துளியும் வேண்டாம். பிறகு விரலை ஏழாவது பிரெட் கம்பிக்குப் பின்னால் ஒட்டினாற்போல நகர்த்தி அதையே செய். இன்னும் குறைந்த அழுத்தத்தில் சத்தம் தெளியும். இரண்டு பிரெட்டுக்கு நடுவில் விரலை வைத்தால் கூடுதலாக அமுக்க வேண்டிவரும். வீடியோவில் நீ நடுவில்தான் வைத்திருக்கிறாய்.

பேஸ் கம்பி தடித்தது, உண்மைதான். சாதாரண கனமுள்ள கம்பி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 கிலோ இழுவையில் நிற்கிறது. ஆனால் விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலுக்குள்ளே இல்லை, முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நரம்புக் கயிறு மாதிரியான தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டை மடித்துக்கொண்டு வாசித்தால் அவை அந்த ஒடுங்கிய வழியில் உரசிக்கொண்டு போகும். மணிக்கட்டு நேராக நின்றாலே பாதிப் பலம் தானாக வந்ததுபோல இருக்கும். இருந்து வாசிக்கும்போதும் நின்று வாசிக்கும்போதும் பேஸ் ஒரே உயரத்தில் இருக்கிற மாதிரி வாரைக் கட்டு. மேடையில் சிலர் முழங்கால்வரை தொங்கவிட்டு வாசிப்பதைப் பார்த்து ஆசைப்படாதே, அப்படித் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிந்தே தீரும்.

பெருவிரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் பேஸின் கழுத்துக்குப் பின்னால் நடுவிரலுக்கு நேரே சும்மா சாய்த்து வை. பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே கழுத்தை நெரித்தால் ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை எரியும். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவள். அவர்கள் விரலை நம்பி இழுப்பதில்லை, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துப் பாரத்தைக் கயிற்றில் போடுவார்கள். உன் இடக்கையும் அப்படித்தான். முன்கையின் பாரம் மெல்லப் பின்னுக்கு இழுக்க, விரல் கம்பியில் சும்மா தொங்கினால் காணும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெருவிரலைக் கொஞ்சம் எடுத்துப் பார். சத்தம் அப்படியே நின்றால் கை சரியான இடத்துக்கு வந்துவிட்டது.

இப்போது உன் வீணைக்கு வருகிறேன். அத்தனை வருடம் வீணை பழகியது வீண்போகவில்லை. உன் வலக்கையில் ஆட்காட்டியும் நடுவிரலும் மாறி மாறி வருகிற ஒழுங்கு அங்கிருந்து வந்ததுதான், புதிதாகத் தொடங்குகிற பலருக்கு அது கிடையாது. ஆனால் வீணை உன் கையில் வேறு இரண்டு பழக்கங்களையும் விட்டுப் போயிருக்கிறது. வீணையில் இடக்கைக்கு ஆட்காட்டியும் நடுவிரலுமே பிரதானம், மோதிரவிரலும் சுண்டுவிரலும் பெரும்பாலும் சும்மா இருக்கும். அந்த இரண்டும் இப்போதுதான் வேலைக்கு வருகின்றன. நீ எழுதியது மாதிரி அவை "ஊமை விரல்கள்" இல்லை. கையின் பின்புறத்தில் அவற்றின் தசைநாண்கள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூடவே எழும்பப் பார்க்கும். எல்லாருடைய கையும் அப்படித்தான். மற்றது, கமகத்துக்குக் கம்பியை இழுத்த பழக்கம். அமுக்கும்போது உன்னை அறியாமலே கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கிறாய், சுருதி கொஞ்சம் ஏறிவிடுகிறது. பேஸில் நேரே கீழே அமுக்கு. ஒரு இசைக்குழுவில் பேஸ் சுருதி விலகினால் பாடுகிறவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிப்பார்.

கை சின்னது என்கிறாய். லியோ பெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம், இன்றைக்கும் பெரும்பாலான பேஸ் அந்த அளவுதான். அதில், கழுத்தின் மேல்நுனியில் கம்பிகள் தங்குகிற நட்டிலிருந்து முதலாவது பிரெட்டுக்கு 48 மில்லிமீற்றருக்கு மேலே தூரம். 11ஆவதிலிருந்து 12ஆவதுக்கு 26 மில்லிமீற்றர்கூட வராது. அப்படியிருக்க, நீ ஏன் முதலாவது பிரெட்டில் நாலு விரலையும் விரித்துப் பாடுபடுகிறாய்? ஒன்பதாவது பிரெட்டில் தொடங்கு. ஆட்காட்டி, நடு, மோதிரம், சுண்டு என்று ஒரு பிரெட்டுக்கு ஒரு விரலாக வாசி, மெல்லிய ஜி கம்பியிலிருந்து தடித்த ஈ கம்பிவரை போய்த் திரும்பி வா. வைத்த விரலை அடுத்த விரல் விழும்வரை எடுக்காதே. எடுத்த விரல் கம்பிக்கு மேலேயே நிற்கட்டும், வானத்துக்குப் பறக்க வேண்டாம். அது இலேசாக வந்த பிறகு ஒரு பிரெட் கீழே இறங்கு. அவசரமில்லை.

கீழே முதல் நாலு பிரெட்டுக்குள் வாசிக்கும்போது வேறு விரலமைப்பு இருக்கிறது. வியன்னாவில் 19ஆம் நூற்றாண்டில் டபிள் பேஸ் சொல்லிக்கொடுத்த பிரான்ஸ் சிமாண்டலின் பெயரால் அதை அழைப்பார்கள். ஆட்காட்டி ஒரு பிரெட், நடுவிரல் அடுத்தது, அதற்கடுத்ததைச் சுண்டுவிரல் அமுக்க மோதிரவிரல் கூட நின்று தாங்கும். நாலாவது பிரெட் வேண்டுமென்றால் கையையே நகர்த்து. விரலை விரித்துக் கிழிப்பதைவிடக் கையை நகர்த்துவது எப்போதும் நல்லது. இதில் கை அளவு ஒரு பொருட்டே இல்லை. சின்னக் கை என்று மனம் சோர்ந்தால் மும்பாய்ப் பெண் மோகினி டேயின் விரல்களைப் பார். 1935இல் பிறந்த கரோல் கேயைத் தேடிக் கேள். லொஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களில் ஆண்கள் நிறைந்த அறையில் இருந்து அந்த அம்மா வாசித்த பேஸ் உலகம் முழுக்கக் கேட்டது.

வலக்கை. உனக்கு நான் அதிகம் சொல்ல வேண்டிய இடம் இது, ஏனென்றால் நீ அடிக்கிறாய், மீட்டவில்லை. அக்கம்பக்கத்துக்குப் பயந்து அம்ப்ளிபையர் போடாமல் வாசிக்கிறாய் என்று விளங்குகிறது. சத்தம் கேட்காததால் இன்னும் பலமாக அடிக்கிறாய். ஈ கம்பி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 41 தடவைதான் ஆடும், நல்ல அகலமாக ஆடும். பலமாக அடித்தால் அது பிரெட்டில் மோதிக் கரகரக்கும். அதைச் சரிக்கட்ட இடக்கை இன்னும் இறுக்கும். இப்படித்தான் இரண்டு கையும் ஒன்றையொன்று களைக்கச் செய்கின்றன. ஹெட்போன் மாட்டக்கூடிய சின்ன அம்ப்ளிபையர் ஒன்று வாங்கு. அந்த ஸ்பிரிங் சாமானுக்கு வைத்த காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் போதும், மிச்சத்தை அப்பா தருகிறேன். சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு மெல்ல மீட்டு.

பெருவிரலை, கம்பிகளுக்குக் கீழே சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பில் சாய்த்து வை. டி, ஜி கம்பிகளுக்குப் போகும்போது அது ஈ கம்பியில் வந்து இருக்கட்டும், அந்தக் கம்பி தேவையில்லாமல் முனகாது. மீட்டிய விரல் கம்பியைக் கடந்து போய் அடுத்த தடித்த கம்பியில் ஓய வேண்டும். தாளம் தட்டுகிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து ஒரே கம்பியில் ஒரு தட்டுக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நாலு. கண்ணை மூடிக் கேள். எது ஆட்காட்டி, எது நடுவிரல் என்று காதால் பிரிக்க முடிந்தால் இன்னும் சமனாகவில்லை. 60இல் தடுமாறினால் 50க்கு இறங்கு, அதில் வெட்கமில்லை. டிட்ரொய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையில் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே அத்தனையும் வாசித்தார். டிட்ரொய்ட் உனக்குக் காரில் நாலு மணித்தியாலத் தூரம்தானே. அவரைப் பார்த்து ஒரு விரலில் பழகச் சொல்லவில்லை. ஒரு விரலுக்குள் அவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்.

பயிற்சி மட்டும் செய்தால் மனம் வறண்டுவிடும். அதற்கு நான் தருவது நம்முடைய பைலா. பாலையூற்றுப் பக்கத்துப் பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் மேளமும் சேர்ந்து அந்த ஆறு எண்ணிக்கைத் தாளத்தைத் தொடங்கினால் கதிரையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான் பேஸ் பிடித்து நின்றது அந்தத் தாளத்தில்தான். ஏ கம்பி மூன்றாவது பிரெட்டில் சி, அதை ஒன்றில் வாசி. டி கம்பி ஐந்தாவது பிரெட்டில் ஜி, அதை நாலில் வாசி. முதலாவது ஆட்காட்டிக்கு, மற்றது சுண்டுவிரலுக்கு. ஒவ்வொரு சுரமும் முடிந்ததும் விரலை எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விடு, சத்தம் அடங்கும், கையும் அந்த நேரத்தில் ஓய்வெடுக்கும். அந்த விடுதலை வந்துவிட்டால் விடிய விடிய வாசிக்கலாம். அது வராமல் எந்தப் பலம் வந்தும் பயனில்லை. பைலாவில் சுண்டுவிரலுக்குக் கிடைக்கிற பயிற்சி வெறும் விரல் பயிற்சியில் கிடைக்காது, ஏனென்றால் அங்கே அது பாட்டுக்காக விழுகிறது.

பத்து நிமிடமாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை பழகு. ஞாயிறு முழுக்க இருந்து வாசித்துவிட்டு மற்ற நாள் தொடாமல் விடாதே. நீ காலையிலிருந்து பின்னேரம்வரை கம்ப்யூட்டர் கீபோர்ட்டில் தட்டுகிறவள், அதே தசைதான் வேலை செய்கிறது என்பதை மறவாதே. வேலையால் வந்தவுடன் தொடாமல் சாப்பிட்டு இளைப்பாறிவிட்டு எடு. குளிர்காலத்தில் விறைத்த கையோடு தொடங்கவே கூடாது, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திரு.

விரல் நுனி எரிவது, முன்கை களைப்பது இரண்டும் பரவாயில்லை. கொப்புளம் வந்தால் உடைக்காதே, காயவிடு, தோல் தானாகத் தடிக்கும். நகத்தை ஒட்ட வெட்டு. ஆனால் மணிக்கட்டில் குத்துகிற நோவோ, பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரலில் விறைப்போ வந்தால் அந்த நிமிடமே பேஸைக் கீழே வை. அந்த விரல்களுக்கான நரம்பு மணிக்கட்டின் ஒடுங்கிய வழியாகத்தான் போகிறது. ஓய்வெடுத்தும் போகவில்லையென்றால் டொக்டரிடம் காட்டு. இதில் மட்டும் அப்பா சொல்வதை அப்படியே கேள். அந்தக் கைதான் உனக்குச் சோறு போடுகிறது.

இன்னொன்று, பிழை உன் விரலில் இல்லாமல் பேஸில் இருக்கவும்கூடும். பழைய சாமான் வாங்கியிருக்கிறாய். 12ஆவது பிரெட்டின் மேற்பக்கத்திலிருந்து கம்பியின் அடிவரை அடிமட்டம் வைத்து அள. ஈ கம்பிக்கு இரண்டரை மில்லிமீற்றர், ஜி கம்பிக்கு இரண்டு, அந்த அளவில் இருந்தால் நல்லது. மூன்று நாலு என்று போனால் கடையில் கொடுத்துச் செட்-அப் செய்யச் சொல். கம்பியையும், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், 40 தொடக்கம் 95 வரையான மெல்லிய செட்டாக மாற்றச் சொல். இங்கே நமக்குக் கடல் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும் பிரச்சினை. உனக்கு அங்கே ஹீட்டரின் வறண்ட காற்றில் கழுத்து மரம் வளையும் பிரச்சினை. ஹீட்டருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பது வீடியோவில் தெரிகிறது, முதலில் அதை எடு.

அளந்த கணக்கை அனுப்பு. அடுத்த வீடியோவைப் பின்பக்கமாக நின்று யாரையாவது எடுக்கச் சொல், பெருவிரல் எனக்குத் தெரிய வேண்டும். அம்மா அனுப்பிய மிளகாய்த்தூள் பார்சல் வந்ததா என்று அவள் கேட்கச் சொல்கிறாள், அதற்கும் பதில் எழுது.

அன்புடன்,
அப்பா