ஓட்டன் சமவெளிக்கு விடியவே போங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலை விடுமுறை வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து நுவரெலியா போகிறவர்கள் கூடிவிட்டார்கள். நல்லது. ஆனால் அங்குள்ள தேசியப் பூங்காவான ஓட்டன் சமவெளியை (Horton Plains) மட்டும் மத்தியானத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். காலை 9, 10 மணிக்கே அங்கே ‘உலக முடிவு’ (World's End) என்ற மலை விளிம்பில் முகில் ஏறிவிடும். 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் பள்ளத்தின் விளிம்பில் நின்று வெறும் வெள்ளையைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?

அங்கே வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மரை மான் நின்றது. கழுத்து மயிரெல்லாம் பனித்துளி. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பருத்தித்துறை வடையை நீட்ட, அது பையோடு சேர்த்து மென்றது. எல்லாரும் படம் எடுத்தார்கள். வாசலில் பொலித்தீனைச் சோதித்து வாங்குவது சும்மா இல்லை. மகாவலியும் களனியும் வளவையும் அந்த மலைகளில்தான் ஊற்றெடுக்கின்றன. கிணற்றை நம்பி வாழும் எங்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லவும் வேண்டுமா?

சுற்றுலா ஒழுங்குசெய்பவர்கள் முதல்நாள் இரவே நுவரெலியாவிலோ ஒகியவிலோ தங்கவைத்தால் விடிய வாசலில் நிற்கலாம். சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர், கல்லும் சேறும். பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் சுவெற்றரும் கட்டாயம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொக்குவில்.