வசூலைப் போடுகிறீர்கள், கணக்கைப் போடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சினிமா பக்கத்தில் உலகம் முழுக்க ஓடிய அறிவியல் புனைவுப் படங்களின் வசூல் பட்டியல் ஒன்று போட்டிருந்தீர்கள். 'அவதார்' 290 கோடி டாலர், அதன் இரண்டாம் பாகம் 230 கோடி, 2015இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' 200 கோடிக்கு மேல், அதே ஆண்டு வந்த 'ஜுராசிக் வேர்ல்டு' 160 கோடிக்கு மேல். எண்களில் தப்பில்லை. ஆனால் பட்டியலுக்கு மேலே, கோடி கோடியாகக் கொட்டி எடுத்தார்கள், கோடி கோடியாக அள்ளினார்கள் என்ற பொருளில் நாலு வரி இருந்ததே, அதைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் 22 வருடம் டி.சி.ஆர். எழுதியவன். தினசரி வசூல் அறிக்கை என்று சொல்லலாம், ஆனால் எங்கள் தொழிலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, டி.சி.ஆர். தான். செகண்ட் ஷோ இடைவேளை முடிந்ததும் கவுண்டரிலிருந்து டிக்கெட் புத்தகங்கள் வரும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஆரம்ப நம்பர், முடிந்த நம்பர், விற்றது எத்தனை என்று கார்பன் பேப்பர் வைத்து மூன்று பிரதி எழுத வேண்டும். விநியோகஸ்தர் அனுப்பிய ஆள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பரையும் விரலால் தொட்டுப் பார்ப்பார். மேலே முதல் வரியில் மொத்த வசூல், அதாவது கிராஸ். அதில் வரி போகும், பிறகு தியேட்டர் பங்கு போகும், மிச்சம்தான் ஷேர் என்று கடைசி வரியில் நிற்கும். அந்த ஷேரிலிருந்து விளம்பரச் செலவு, பிரிண்ட் செலவு, வட்டி எல்லாம் கழித்த பிறகுதான் படம் எடுத்தவருக்கு ஏதாவது தேறும். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இருக்கும் தூரத்தைத் தினமும் கையால் எழுதிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், பத்திரிகையில் வருவது எப்போதும் அந்த முதல் வரி மட்டும்தான்.

ஹாலிவுட்டிலும் இதே கதைதான், தொகை மட்டும் பெரிது. அமெரிக்காவில் டிக்கெட் பணத்தில் ஏறத்தாழ பாதி தியேட்டர்காரர்களுக்குப் போகிறது. சீனாவில் வெளிநாட்டு ஸ்டூடியோவின் கைக்கு வருவது கால் பங்குதான். அப்புறம் விளம்பரச் செலவு. பெரிய படங்களுக்கு அதுவே பத்து கோடி டாலரைத் தாண்டும், படத்தின் பட்ஜெட் என்று வெளியே சொல்லும் தொகையில் அது சேராது. 'அவதார்' இரண்டாம் பாகம் உலகத்தில் அதுவரை அதிகம் வசூலித்த படங்களில் மூன்றாவதோ நான்காவதோ இடத்துக்கு வந்தால்தான் போட்ட முதல் திரும்பும் என்று அதன் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனே வெளியீட்டுக்கு முன்பு ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாலும், 230 கோடியைப் பார்த்ததும் அவ்வளவும் லாபம் என்று நினைக்கும் வாசகருக்கு இந்த ஒரு தகவலையாவது பக்கத்தில் கொடுத்திருக்கலாம். டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போவதையும் பட்டியல் கணக்கில் எடுப்பதில்லை. 1977இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' மறுவெளியீடுகள் எல்லாம் சேர்த்து 77.5 கோடி டாலர்தான், உங்கள் பட்டியலில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. விலைவாசியைச் சரிசெய்து பார்த்தால் அமெரிக்காவில் 'கான் வித் த விண்ட்' படத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

அந்த முதல் படத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். அதை எடுக்க ஆன செலவு சுமார் 1.1 கோடி டாலர். அந்தக் காலத்துக்கும் அது மலைக்க வைக்கிற தொகை இல்லை. ஸ்டூடியோவில் பலருக்குப் படத்தின் மேல் நம்பிக்கை இல்லை, தியேட்டர்காரர்களும் எடுக்கத் தயங்கினார்கள், மே 25ஆம் தேதி படம் வெளியானபோது அமெரிக்கா முழுவதும் 40க்கும் குறைவான தியேட்டர்களில்தான் ஓடியது. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் அதற்கு நாலு வருடம் முன்பு 'அமெரிக்கன் கிராஃபிட்டி' என்று ஒரு படம் எடுத்து, பத்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் பத்து கோடிக்கு மேல் வசூல் பார்த்தவர். அந்த வெற்றியைக் காட்டி, ஸ்டார் வார்ஸுக்குப் பணம் போட்ட ஃபாக்ஸ் நிறுவனத்திடம் சம்பளத்தை எகிற வைத்திருக்கலாம். அவர் ஒன்றரை லட்சம் டாலர் சம்பளத்தோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த பாகங்களின் உரிமையையும் பொம்மை, சட்டை போன்ற சரக்குகளுக்கான உரிமையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த நாளில் படத்தை வைத்துப் பொம்மை விற்று யாரும் பெரிதாகச் சம்பாதித்ததில்லை என்பதால் ஃபாக்ஸும் அதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. சினிமா வியாபாரத்தில் இதைவிடப் பெரிய கையெழுத்து ஒன்று விழுந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

படம் வந்த அதே வருடக் கிறிஸ்துமஸுக்கு நடந்தது இன்னும் ஆச்சரியம். பொம்மை உரிமையை வாங்கிய கென்னர் நிறுவனத்தால் பண்டிகைக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியவில்லை. குழந்தைகளோ கேட்டுத் துளைக்கிறார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? பொம்மையே இல்லாத அட்டை உறை ஒன்றைக் கடையில் வைத்து விற்றார்கள். உள்ளே பொம்மைகளை நிறுத்தி வைக்க ஓர் அட்டைத் தாங்கி, கொஞ்சம் ஸ்டிக்கர், ஒரு ரசிகர் மன்ற அட்டை, ஒரு சான்றிதழ். சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் அடுத்த வருடம் நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும். வந்த பொம்மையின் உயரம் மூன்றே முக்கால் அங்குலம், நம் நடுவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அவ்வளவு சின்னதாகச் செய்ததற்குக் காரணம் உண்டு: பொம்மை சின்னதாக இருந்தால்தான் அது உட்காரும் விண்கலத்தையும் கைக்கு அடக்கமாகச் செய்து தனியாக விற்க முடியும். கோடிக்கணக்கில் விற்றன. அதில் ஒரு பைசாகூட டிக்கெட் வசூலில் சேராது.

இது எனக்கு நன்றாகப் புரிவதற்குக் காரணம் நானே கண்ணால் பார்த்த ஒரு காட்சி. 2015 ஜூனில் 'ஜுராசிக் வேர்ல்டு' தமிழ் டப்பிங்கை எங்கள் தியேட்டரில் போட்டோம். முதல் ஞாயிறு மேட்னிக்குக் கேட்டுக்கு வெளியே ஒருவர் கோணிப்பை நிறைய ரப்பர் டைனோசர் கொண்டுவந்து தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தார். படத்துக்கும் அந்தப் பொம்மைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எங்கோ மொத்தக் கடையில் வாங்கிய பச்சை ரப்பர். படம் விட்டு வெளியே வந்த பிள்ளைகள் அப்பா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே அங்கேதான் ஓடின. ஒன்று முப்பது ரூபாய். ஈவினிங் ஷோ ஆரம்பிப்பதற்குள் கோணி காலி, அடுத்த நாள் இரண்டு கோணியோடு வந்தார். அன்று ராத்திரி டி.சி.ஆர். எழுதும்போது அந்தத் தாளில் இந்தப் பணத்துக்கு இடமே இல்லையே என்று தோன்றியது இன்னும் நினைவிருக்கிறது. லூகாஸ் 1970களிலேயே பார்த்தது அந்தத் தார்ப்பாயைத்தான்.

அந்த உரிமை கையில் இருந்ததால்தான் இரண்டாவது ஸ்டார் வார்ஸ் படத்தை 1980இல் ஸ்டூடியோ பணத்தில் எடுக்காமல் தன் பணமும் வங்கிக் கடனுமாகப் போட்டு எடுத்தார். நடுவில் செலவு எகிறி, கடனுக்கு உத்தரவாதம் கேட்டு ஃபாக்ஸிடமே போக வேண்டி வந்தது, ஆனாலும் படம் அவருடையதாகவே இருந்தது. முதல் படத்துக்காக ஒரு கிடங்கில் அவர் தொடங்கிய கிராஃபிக்ஸ் பட்டறைதான் பின்னாளில் ஸ்பீல்பெர்கின் 'ஜுராசிக் பார்க்'குக்குக் கம்ப்யூட்டர் டைனோசர்களைச் செய்து கொடுத்தது. கடைசியில் 2012இல் டிஸ்னி லூகாஸின் நிறுவனத்தை வாங்கியபோது கொடுத்த விலை 405 கோடி டாலர்.

உரிமையை விட்டவர்கள் கதையும் உண்டு. ஜேம்ஸ் கேமரூன் 'டெர்மினேட்டர்' கதையை ஒரு டாலருக்கு விற்றார். தானே இயக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. 1984இல் 64 லட்சம் டாலரில் எடுத்து ஏழு கோடியைத் தாண்டியது. 1991இல் அவரே எடுத்த இரண்டாம் பாகம் பிரமாதமாக ஓடியது. அப்புறம் உரிமை கைமாறிக் கைமாறி ஆளாளுக்கு ஒரு பாகம் எடுத்தார்கள், 2019இல் வந்தது கணிசமான நஷ்டம். நடிகர்கள் பக்கம் பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. ஸ்டார் வார்ஸ் வில்லன் டார்த் வேடரின் கருப்பு உடைக்குள் நடித்த டேவிட் ப்ரௌஸ், 1983இல் வந்து 47 கோடி டாலருக்கு மேல் வசூலித்த மூன்றாவது படம் இன்னும் லாபத்துக்கு வரவில்லை என்று தனக்குக் கடிதம் வந்துகொண்டிருப்பதாகக் கால் நூற்றாண்டு கழித்துச் சொன்னார். முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் நடித்து, வருமானத்தில் சிறு சதவீதப் பங்கு பேசி வாங்கிய அலெக் கின்னஸ் கடைசிவரை வசதியாக வாழ்ந்தார். வசூல் வேறு, கணக்கில் காட்டும் லாபம் வேறு என்பதற்கு இவர்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே போதும்.

கொட்டினால் அள்ளலாம் என்பது உண்மையாக இருந்தால் 2018இல் வந்த 'சோலோ' தோற்றிருக்கக் கூடாது. ஸ்டார் வார்ஸ் என்ற பெயர், 25 கோடி டாலருக்கு மேல் செலவு. பாதியில் இயக்குநர்களை மாற்றிப் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள். முந்தைய படம் வந்து அரை வருடம்கூட ஆகாத நேரத்தில் வெளியிட்டார்கள். உலக வசூல் 39 கோடி டாலர். உங்கள் பாணியில் பட்டியல் போட்டால் அது ஹிட் மாதிரித்தான் தெரியும், ஆனால் அது நஷ்டம். லூகாஸ் தன் காலத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மூன்று வருடம் விட்டார், அந்த மூன்று வருடமும் பிள்ளைகள் பொம்மையை வைத்துக்கொண்டு அடுத்த கதையைத் தாங்களே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜப்பானைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. 1954 மார்ச்சில் பசிபிக்கில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அந்த நவம்பரிலேயே 'காட்ஸில்லா' வந்துவிட்டது. ஸ்டார் வார்ஸுக்கு 23 வருடம் மூத்தது, இன்றும் ஓடுகிறது. 2023இல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்துக்கு ஆன செலவு ஒன்றரை கோடி டாலருக்கும் குறைவு, கிராஃபிக்ஸ் வேலை பார்த்தவர்கள் 35 பேர், இயக்குநர் தகாஷி யமசாகியே அவர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தார். படம் பத்து கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, கிராஃபிக்ஸுக்கான ஆஸ்கரையும் வாங்கியது. செலவையும் வரவையும் வகுத்துப் பார்த்தால் உங்கள் பட்டியலில் இருக்கும் பல படங்களைவிட இது மேலே வரும்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இந்தப் பட்டியலைப் போடும்போது வசூலுக்குப் பக்கத்தில் செலவு என்று ஒரு கட்டம், வெளிவந்த ஆண்டு என்று ஒரு கட்டம், உரிமை யாரிடம் இருந்தது என்று ஒரு கட்டம் சேருங்கள். நம் ஊர்ப் படங்களுக்கும் போஸ்டரில் அடிக்கிற கோடியை அப்படியே எடுத்துப் போடாமல், அது கிராஸா ஷேரா என்று விசாரித்துப் போடுங்கள். சினிமாவுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துப் படிக்கிறார்கள், என் அக்கா பேரன் அப்படித்தான் ஒரு நோட்டு முழுக்க ஒட்டி வைத்திருக்கிறான். போன வாரம் அவன் நோட்டில் உங்கள் பட்டியலுக்குப் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு, 1977 என்று எழுதி, அந்த ஒன்றரை லட்சம் டாலர் கணக்கை நான் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான்.

இப்படிக்கு,
தியேட்டரிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்,
தேனி மாவட்டம்