ஹலால் முத்திரை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

என் கணவருக்கு உண்ணி கடித்ததிலிருந்து ஆடு, மாடு, பன்றி எதுவும் ஆகாது. கோழி, மீன் பரவாயில்லை. எங்கள் சிட்னி வடக்குக் கடற்கரைப் பக்கம் இது புதிதல்ல. உண்ணிக்கடிக்கும் இந்த ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பை மருத்துவர் ஷெரில் வான் நுனென் குழுவினர் 2009-லேயே எழுதிவிட்டார்கள். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் தடிப்பு வரும் என்பதால், எது காரணமென்று லேசில் பிடிபடாது.

கறியை விட்டுவிடலாம், சரி. பாக்கெட் உணவுதான் பாடாய்ப் படுத்துகிறது. ஆஸ்திரேலியாவில் பால், முட்டை, வேர்க்கடலையைத் தடித்த எழுத்தில் போட்டாக வேண்டும். மாட்டுக்கும் பன்றிக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. சிக்கன் சாசேஜின் மேலுறை ஆட்டுக்குடலாகவோ மாட்டுக் கொலாஜனாகவோ இருக்கலாம். சில தயிர் டப்பாக்களில் ஜெலட்டின் இருக்கிறது; அது பெரும்பாலும் மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. 471 என்ற எண்ணால் குறிக்கும், எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்க உதவும் சேர்பொருள் தாவரக் கொழுப்பிலிருந்து வந்ததா, விலங்குக் கொழுப்பிலிருந்து வந்ததா என்பதைப் பல நேரம் நிறுவனத்திடம் கேட்டால்தான் தெரியும். ஹலால் முத்திரையை நம்பி நண்பர்கள் மார்ஷ்மெல்லோ வாங்கி வருகிறார்கள். பன்றி இல்லை, வாஸ்தவம்தான். அதிலுள்ள ஜெலட்டின் மாட்டினுடையதாக இருக்கலாமே!

இந்தியக் கடையில்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. பச்சைப் புள்ளி இருந்தால் பால், தேன் போன்றவை தவிர விலங்குப் பொருள் கிடையாது. அவருக்குப் பால் ஒத்துக்கொள்கிறது. இந்த ஒவ்வாமை உள்ள எல்லோருக்கும் அப்படியில்லை.

விருந்துக்குக் கூப்பிடும் நம்மவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சமைத்ததும் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எடுத்து வையுங்கள், நானே படித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மோனா வேல், சிட்னி