பாட்டிலில் போட்டிருக்கும் ஆண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய ஒயின் ஆலைகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். ஒரே ஆலையின் மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் ஒயின்களை ருசித்துப் பார்த்துவிட்டு, ‘ஆண்டுக்கு ஆண்டு சுவை மாறுகிறது, தரக்கட்டுப்பாடு போதாது’ என்று அது தீர்ப்பு எழுதியிருந்தது. சுவை மாறியது உண்மையாகவே இருக்கலாம். சொன்ன காரணம்தான் தவறு. ஒரே ஒரு தோட்டத்துப் பழத்தை நம்பி நடக்கும் ஆலையில் சுவை மாறாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் கருந்திராட்சையிலிருந்து 600 முதல் 700 லிட்டர் வரை ஒயின் தேறும். மூன்று டன் விளைந்தால் ஏறக்குறைய 2,000 லிட்டர். 225 லிட்டர் பீப்பாயில் ஊற்றினால் ஒன்பதாவது பீப்பாய் நிரம்பாது. அந்த ஆண்டின் மொத்தச் சரக்கே அவ்வளவுதான். பெரிய ஆலை பல பகுதிகளிலிருந்து பழம் வாங்கும். ஒரு பக்கத்துப் பழம் மழையில் நீர்த்துப்போனால் இன்னொரு பக்கத்து ஒயினைக் கலந்து சரிக்கட்டும். சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆண்டுப் பழம் 85 சதவீதம் இருந்தாலே லேபிளில் ஆண்டைப் போட்டுக்கொள்ளலாம். ஆண்டே போடாத ஷாம்பெயின்களில், இருப்பு வைத்த பழைய ஒயினைச் சேர்த்து எப்போதும் ஒரே சுவையைக் கொண்டுவருகிறார்கள். பிரான்ஸின் போர்டோ பகுதியில் முன்னதாகப் பழுக்கும் மெர்லோ ரகத்தையும் பின்னால் பழுக்கும் கேபர்னே சாவினியோன் ரகத்தையும் சேர்த்து வளர்ப்பதில் காப்பீடும் அடங்கியிருக்கிறது. ஒன்றைக் கெடுத்த மழை மற்றொன்றை விட்டுவிடலாம். ஒரே ரகம், ஒரே சரிவு என்று இருக்கும் சிறிய ஆலைக்கு இந்த வசதி எதுவும் இல்லை.

வித்தியாசம் அறுவடை ஆண்டில்தான் தொடங்குகிறது என்றும் சொல்ல முடியாது. கொடியில் இந்த ஆண்டு எத்தனை குலை தொங்கும் என்பது பெரும்பாலும் போன ஆண்டு பூக்கும் பருவத்தை ஒட்டியே தீர்மானமாகிவிடுகிறது. குலையின் கரு அப்போதே கொடியின் மொட்டுக் கண்ணுக்குள் உருவாகிவிடும். அந்தச் சமயத்தில் வெயில் குறைந்தால் அடுத்த ஆண்டுக் குலைகளும் குறையும். கவாத்தின்போது கூடுதலாகக் கண்களை விட்டு ஓரளவு ஈடுகட்டலாம், முழுக்க முடியாது.

அடுத்தது உறைபனி. இளந்தளிர் மைனஸ் 2 டிகிரி வாக்கிலேயே கருகத் தொடங்கும். 2021 ஏப்ரலில் பிரான்ஸின் பெரும்பகுதியில் இதுதான் நடந்தது. அந்நாட்டின் பர்கண்டி பகுதியில் முன்னதாகத் தளிர்க்கும் ஷார்டனே ரகம், பினோ நுவார் ரகத்தைவிட மோசமாக அடிபட்டது. கருகிய தளிருக்குப் பதிலாக இரண்டாம் மொட்டிலிருந்து வருவது குலை குறைவாகத் தரும், பழுக்கவும் தாமதமாகும். பூக்கும் நேரத்தில் குளிரும் மழையும் சேர்ந்தாலோ பூ உதிர்ந்துவிடும். அல்லது ஒரே குலையில் சில மணிகள் பருத்து, சில மிளகளவில் நின்றுவிடும். 2013இல் போர்டோவின் மெர்லோவுக்கு வந்த கதி இது. விளைச்சல் குறைந்ததாலேயே ஒயின் திடமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சீராகப் பழுக்காத குலையில் இனிப்பும் பச்சை வாசனையும் ஒன்றாகவே பீப்பாய்க்குள் போகும்.

வெப்பம் வேறு வகையில் வேலை செய்கிறது. பழத்திலுள்ள மாலிக் அமிலத்தைப் பழமே சுவாசித்துச் செலவழிக்கும்; இரவும் வெக்கையாக இருந்தால் இன்னும் வேகமாகச் செலவாகும். பழத்தின் இன்னொரு அமிலமான டார்டாரிக் அந்த அளவுக்குக் குறையாது. அதனால் வெக்கையான ஆண்டில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும், பி.எச். (அமிலம் குறையக் குறைய ஏறும் எண்) உயரும். 2003 கோடையில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இந்த நிலை. வழக்கமாக அமிலம் சேர்க்க அனுமதி இல்லாத பகுதிகளுக்கும் அந்த ஆண்டு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் அறுவடைத் தேதிகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்ததில், 1988க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முன்னதாக வருகிறது.

ஆனால் சிறிய ஆலையில் ஓர் ஆண்டின் தலையெழுத்து அறுவடைக்கு முந்தைய பத்து நாட்களில்தான் எழுதப்படுகிறது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பழத்தின் சர்க்கரையைப் பார்க்க நாலு குலையைப் பறித்துப் பிழிந்தால் போதாது. வரிசையின் இரு பக்கமும், குலையின் மேல், நடு, நுனி என்று மாற்றி மாற்றி 200 மணியாவது எடுக்க வேண்டும். நூறே மணி எடுத்தால் ஒரு பிரிக்ஸ் (சாற்றின் எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு சர்க்கரை என்ற அளவு) வரை பிசகும்; ஒரு பிரிக்ஸ் என்பது ஆல்கஹாலில் அரை சதவீதத்துக்கும் மேல். கண் தானாகவே நல்ல மணியைத் தேடிப் போகும் என்பதால், பார்க்காமல் கையை விட்டுப் பறிப்பதே நல்லது. மணியைக் கடித்துத் தோலைத் தனியாக மெல்லுங்கள். பச்சை இலை நெடி அடித்தால் இன்னும் நாள் இருக்கிறது. விதை பச்சையாக, பல்லில் ஒட்டுகிற மாதிரி இருந்தால் துவர்ப்பு கசப்பாகத்தான் வரும். பழுப்பேறி, வறுத்த கடலை போல ‘டக்’கென்று உடைய வேண்டும்.

24 பிரிக்ஸ் காட்டிய பழம் மூன்று நாள் மழைக்குப் பிறகு 22க்கு இறங்கலாம். பழம் நீரை உறிஞ்சிப் பருக்கும், நெருக்கமான குலையில் தோல் வெடிக்கும், வெடிப்பில் சாம்பல் அழுகல் பிடிக்கும். வெயில் அடித்தால் சர்க்கரை திரும்ப ஏறும் என்று காத்திருப்பதா, உடனே பறிப்பதா? பெரிய ஆலை இயந்திரத்தை இறக்கி ஒரே இரவில் பறித்துவிடும். கையால் பறிக்கும் ஆலைக்கு ஆள் கிடைக்கும் நாள்தான் அறுவடை நாள். இரண்டு ஆண்டுகளின் வித்தியாசம் சில சமயம் வானிலையில் இல்லை, இந்த ஆள் கணக்கில்தான் இருக்கிறது. அழுகல் சந்தேகம் இருந்தால் கொஞ்சம் சாற்றைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஒரு நாள் திறந்து வையுங்கள். பழுப்பேறினால், நிறத்தைக் கெடுக்கும் லாக்கேஸ் என்ற அழுகல் பூசண நொதி உள்ளே இருக்கலாம். கந்தகம் போட்டும் அதை முழுதாக அடக்க முடியாது. தோலோடு ஊற வைக்கும் நாட்களைக் குறைத்துச் சீக்கிரம் பிழிந்துவிடுவதே வழி. நிறம் வெளிறினால் வெளிறட்டும்.

ஆலைக்குள் வந்த பிறகு திருத்த முடியாதா? முடியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. அனுமதி உள்ள இடத்தில் லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை சேர்த்தால் ஆல்கஹால் சுமார் ஒரு சதவீதம் ஏறும். பழத்தில் இல்லாத ருசி ஏறாது. டார்டாரிக் அமிலத்தை நொதிக்கும் முன்பே சேர்த்தால் ஒயினோடு இழையும். பாட்டிலில் அடைக்கும் நேரத்தில் கொட்டினால் நாக்கில் தனியாக நிற்கும். எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் ஒரு லிட்டரில் போட்டுப் பார்த்துத்தான் தொட்டியில் கை வைக்க வேண்டும். ஈஸ்ட் சாப்பிடக்கூடிய நைட்ரஜன் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அழுகிய முட்டை நாற்றம் எழும், நொதித்தல் பாதியில் நிற்கவும் கூடும். 26 பிரிக்ஸைத் தாண்டிய பழத்திலும் அந்த ஆபத்து உண்டு. மிஞ்சிய சர்க்கரையில் பாக்டீரியா புகுந்து வினிகராக்கிவிடும்.

ஆண்டின் குணம் பாதுகாப்புக் கணக்கையே மாற்றுகிறது. ஒயினைக் கெடுக்கும் கிருமியைத் தடுக்க சல்ஃபர் டை ஆக்சைடு சேர்ப்பார்கள்; அதில் கிருமியைத் தாக்கும் மூலக்கூறு வடிவம் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதைப் பெற, பி.எச். 3.3 உள்ள குளிர் ஆண்டு ஒயினுக்கு லிட்டருக்கு 26 மில்லிகிராம் தனி (வேறு எதனோடும் பிணையாத) சல்ஃபர் டை ஆக்சைடு போதும். பி.எச். 3.7 ஆன வெக்கை ஆண்டுக்கு 63 வேண்டும். போன ஆண்டு குறிப்பேட்டைப் பார்த்து அதே அளவைப் போடுகிறவர்களின் பீப்பாயில்தான் குதிரை லாய வாசனை வந்து சேரும். இதற்கு ஆண்டைப் பழி சொல்ல முடியாது. தரக்கட்டுப்பாடு போதாது என்ற வார்த்தை இந்த இடத்துக்குப் பொருந்தும்.

கட்டுரையாளர் பிரித்துப் பார்த்திருக்க வேண்டியதும் இதைத்தான். அந்த ஆண்டின் பாட்டில்கள் எல்லாமே புளிப்பு தூக்கலாகவோ நிறம் வெளிறியோ இருந்தால் அது ஆண்டு. ஒரு பெட்டியில் ஒன்று மட்டும் ஈர அட்டைப்பெட்டி போல நாறினால் அது கார்க்கின் குற்றம். நகச்சாய நெடி, சாதா ஒயினில் குமிழி இரண்டும் ஆலையின் தவறு. ஒரு பாட்டிலைத் திறந்து இந்த முடிவுக்கு வர முடியாது, இரண்டாவது திறக்க வேண்டும்.

இன்னொன்று. மூன்று ஆண்டு ஒயினையும் ஒரே நாளில் ருசித்திருக்கிறார். அவர் ருசித்த 2018க்கும் 2021க்கும் இடையே வானிலை மட்டும் மாறவில்லை, மூன்று வருட வயதும் கூடியிருக்கிறது. பழையது மிருதுவாக இருந்தது என்பது வயதால் வந்ததாகவே இருக்கலாம். இரண்டையும் ஒரே வயதில் ருசித்த ஆலைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கியிருந்தால் ஒப்பீடு நியாயமாக இருந்திருக்கும். ஒரு பகுதி முழுமைக்கும் ஒரே மதிப்பெண் போடும் ஆண்டு அட்டவணைகளையும் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது. அது ராசிபலன் மாதிரிதான். ஆலங்கட்டி மழை ஒரு பட்டையாக அடித்துவிட்டுப் போகும், அடுத்த சரிவில் இலை கூடக் கிழிந்திருக்காது.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த அட்டவணையில் அந்த ஆண்டுகளுக்கு மேலே ‘பாட்டிலில் அடைத்த ஆண்டு’ என்று தலைப்பு இருக்கிறது. லேபிளில் இருப்பது பழம் பறித்த ஆண்டு. பீப்பாயில் இருந்த காலத்தையும் சேர்த்தால் சிவப்பு ஒயின் பாட்டிலுக்கு வருவது பெரும்பாலும் அதற்கு ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். தலைப்பை ‘அறுவடை ஆண்டு’ என்று மாற்றி வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒயின் தயாரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்