70,000 ரூபாயில் ஒரு கேமிங் கணினி: மகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மகன் முகிலனுக்கு,

நீ அனுப்பிய கொட்டேஷனை வரி வரியாகப் படித்தேன். சம்பளத்தில் சேர்த்த 70,000 ரூபாயில், ஒவ்வொரு பாகத்தையும் நீயே தேர்ந்து ஒரு கேமிங் கணினியைப் பூட்டிக்கொள்ள நினைப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்தத் தொகைக்கு நல்ல கணினி அமையும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடையில் உனக்கு எழுதித் தந்திருக்கும் பட்டியலில் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

கணக்கை உன் மானிட்டரிலிருந்து தொடங்கு. அதை நீ ஏற்கெனவே வாங்கிவிட்டாய்: 24 அங்குலம், 1080பி (1920 x 1080 புள்ளிகள்), 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 காட்சிகள்). அதாவது ஒவ்வொரு காட்சிக்கும் 20,73,600 புள்ளிகளை வரைய வேண்டும்; 144 ஹெர்ட்ஸை முழுதாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஒரு காட்சிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 7 மில்லிசெகண்டு மட்டுமே. சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதே வேலைக்கு 16.7 மில்லிசெகண்டு உண்டு. இந்த வரையும் வேலையின் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழுகிறது. ஆகவே கையிலுள்ள பணத்தின் மிகப் பெரிய பங்கு அதற்குப் போக வேண்டும். உன் பட்டியலிலோ எட்டு கோர் (கணக்கிடும் அலகு) கொண்ட ரைசன் 7 5700எக்ஸ் பிராசசரும், அதற்கு ஒளிரும் வாட்டர் கூலரும், கண்ணாடி கேபினெட்டும் சேர்ந்து பணத்தை விழுங்கிவிட்டு, மிச்சத்துக்கு 4 ஜி.பி. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டை வைத்திருக்கின்றன.

அந்தக் கார்டு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது மதர்போர்டுடன் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் தாய்ப்பலகை) நான்கு லேன்களில், அதாவது தரவுப் பாதைகளில், மட்டுமே பேசுகிறது. பி.சி.ஐ.இ. 4.0 (கார்டை இணைக்கும் முறையின் நான்காம் தலைமுறை) வசதியுள்ள மதர்போர்டில் நான்கு லேன்களில் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜி.பி. தரவு போய்வரும், உனக்கு எழுதியிருக்கும் ஏ520 மதர்போர்டில் 3.0 மட்டுமே இருப்பதால் அது பாதியாகிவிடும். இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் கார்டின் 4 ஜி.பி. நினைவகம் விரைவில் நிறைந்துவிடும். நிறைந்ததும் மீதியைக் கணினியின் பொது நினைவகமான ராமிலிருந்து அந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் இழுத்து வர வேண்டும். அப்போது விளையாட்டு திணறித் திணறி நிற்கும், பிராசசரில் எத்தனை கோர் இருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இன்னொன்று, நீ உன் ஆட்டங்களைப் பதிவு செய்து நண்பர்களுக்கு அனுப்புகிறவன். வீடியோவைப் பதிவு செய்து சுருக்கும் வன்பொருள் பகுதியே அந்தக் கார்டில் இல்லை.

அதற்குப் பதிலாக 8 ஜி.பி. ஆர்.எக்ஸ். 6600 கார்டைக் கேள். 2021 அக்டோபரில் வெளிவந்த கார்டுதான், புதியது அல்ல. ஆனால் 1080பி திரைக்கென்றே உருவாக்கப்பட்டது, 132 வாட் மின்சாரத்தில் ஓடுகிறது, எட்டு லேன்களில் இணைவதால் பழைய மதர்போர்டிலும் பெரிதாகத் தளராது. அது இருப்பில் இல்லையென்றால் ஆர்.டி.எக்ஸ். 4060 விலை எட்டுகிறதா என்று பார். இவை இரண்டுக்கும் கீழே இறங்காதே.

இதற்கான பணத்தைப் பிராசசரிலிருந்து எடுக்கலாம். ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்) கொண்ட ரைசன் 5 5600 உன் தேவைக்குப் போதும். விளையாட்டில் அதற்கும் 5700எக்ஸுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. மேலும் 5600 பெட்டியிலேயே கூலர் வருகிறது. 5700எக்ஸ் பெட்டியில் வராது, அதனால்தான் உன் பட்டியலில் வாட்டர் கூலர் தனியாக ஏறியிருக்கிறது. விலை ஒன்றாக இருக்கிறதே என்று 5600ஜி வாங்கிவிடாதே. அதில் உள்ளேயே கிராபிக்ஸ் இருந்தாலும் எல்3 கேஷ் (பிராசசருக்குள் உள்ள அதிவேக நினைவகம்) 16 எம்.பி.தான், 5600இல் 32 எம்.பி. உண்டு, தனிக் கார்டு போடும்போது அந்த வேறுபாடு விளையாட்டில் தெரியும்.

ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு (மதர்போர்டில் பிராசசர் பொருந்தும் இடத்தின் புதிய வகை) போனால் பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று நீ கேட்டிருந்தாய். கேள்வி நியாயமானது. 5600 பொருந்தும் ஏ.எம்.4 தன் பாதையின் முடிவுக்கு வந்துவிட்டது, ஏ.எம்.5இல் இன்னும் புதிய பிராசசர்கள் வரும். ஆனால் ஏ.எம்.5 டி.டி.ஆர்.5 என்ற புதிய தலைமுறை ராமை மட்டுமே ஏற்கும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. ஏ.எம்.4 ஏற்கும் டி.டி.ஆர்.4உம் ஏறியிருக்கிறது என்றாலும், அதைப் பழைய கணினிகளிலிருந்து நல்ல நிலையில் வாங்க முடியும். நாளை மாற்றப்போகும் பிராசசருக்காக இன்றைய கிராபிக்ஸ் கார்டைக் குறைத்துக்கொள்வது உன் பட்ஜெட்டில் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னும் சில மாதம் சேர்த்துவைக்க உனக்குப் பொறுமை இருந்தால் ஏ.எம்.5க்கே போ, நான் தடுக்க மாட்டேன்.

ராமில் ஒரு திருத்தம்தான். 16 ஜி.பி.யை ஒரே ஸ்டிக்காகப் போடாமல் 8 ஜி.பி. ஸ்டிக்குகள் இரண்டாக வாங்கு. 3200 வேக ராம் ஒரு ஸ்டிக்கில் நொடிக்கு 25.6 ஜி.பி. தரும், இரண்டாகப் போட்டால் 51.2. நான்கு ஸ்லாட் உள்ள பி550 மதர்போர்டு கிடைத்தால் பின்னால் இன்னும் இரண்டு சேர்க்கலாம். எஸ்.எஸ்.டி. (சேமிப்பகம்) 1 டி.பி. அளவாவது இருக்கட்டும், ஒரே விளையாட்டு 100 ஜி.பி.யைத் தாண்டுகிற காலம் இது. கேபினெட்டில் விளக்கைப் பார்க்காதே, முன்பக்கம் வலைத்தகடாக இருக்கிறதா என்று மட்டும் பார்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமானது. உன் பட்டியலில் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கென்று ஒரு வரியே இல்லை, ‘கேபினெட்டுடன் 500 வாட்’ என்று மட்டும் இருக்கிறது. பாலிடெக்னிக் மின்னியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் இப்படி இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.களைத் திறந்து மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். மேலே ஒட்டியிருக்கும் வாட் கணக்கைத் தாங்கக்கூடிய கெபாசிட்டரோ டிரான்ஸ்பார்மரோ பலவற்றின் உள்ளே இருக்காது. மின்னழுத்தம் எகிறினால் துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்புச் சுற்றும் இருக்காது. அப்படிப்பட்ட ஒன்று பழுதாகும்போது தான் மட்டும் போகாமல் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகக் கூடும். உன் கணினிக்கு எவ்வளவு தேவை என்று நீயே கூட்டிப் பார்: கார்டுக்கு 132 வாட், பிராசசருக்கு உச்சத்தில் 76 வாட், மற்றவற்றுக்கெல்லாம் 40 முதல் 50 வாட், ஆக 260 வாட்டுக்குள் அடங்கிவிடும். எனவே 750 வாட் தேவையில்லை, பெயர்பெற்ற நிறுவனத்தின் உண்மையான 550 வாட் தாராளம். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை இருக்கட்டும், ஆனால் அது மின்சாரம் வீணாகாத அளவை மட்டுமே சொல்கிறது, பாதுகாப்பைச் சொல்வதில்லை. அதிக மின்னழுத்தம், அதிக மின்னோட்டம், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள் பெட்டியில் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்பதையும், ஐந்தாண்டு வாரண்டி உண்டா என்பதையும் தனியாகப் பார்.

பாதி சுமையில் 85 சதவீதத் திறன் என்று கொண்டாலும், 260 வாட்டுக்குச் சுவரிலிருந்து 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். மானிட்டரையும் சேர்த்தால் 330ஐத் தொடும். கரண்ட் போகும்போது கைகொடுக்க யு.பி.எஸ். ஒன்றும் வேண்டும். 600 வி.ஏ. அளவுள்ளது பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும் என்பதால் 1000 வி.ஏ. வாங்கு. உன் குடியிருப்பில் ஜெனரேட்டர் இருந்தாலும், கரண்ட் போய் அது எடுக்கும் அந்த இடைவெளியே கணினியை அணைத்துவிடும். யு.பி.எஸ்.ஸுக்கான பணத்தை நான் அனுப்புகிறேன், அதை உன் 70,000 கணக்கில் சேர்க்காதே. பூட்டுவதற்கு முன் அந்த அறையின் பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துச் சோதித்துவிடு.

பழைய பாகங்களை வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. ராம், பிராசசர், கேபினெட் ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ஹார்டு டிஸ்க்கையும் மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. கிராபிக்ஸ் கார்டில் எச்சரிக்கை வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும், இரவு பகலாக மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டும் கணக்கீட்டில்) ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன; அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆர்.எக்ஸ். 580 என்று மலிவாகக் கிடைப்பவற்றில் 2048 எஸ்.பி. என்று குறித்தவை உண்மையில் அதைவிடக் குறைந்த ஆர்.எக்ஸ். 570க்கு நிகரானவை. பழைய சிப்புள்ள கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதி ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்று விற்பவர்களும் உண்டு. ஜி.பி.யு.-இசட் என்ற இலவசச் செயலி இத்தகைய போலிகளைக் காட்டிக்கொடுக்கும். விற்பவர் அதை உன் கண் முன்னால் ஓட்டிக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடு.

கடையில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் பில் கேள், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் அதில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் விலையைக் குறைக்கிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. வாரண்டிக்குப் போகும்போது அந்தத் தாள்தான் கேட்கப்படும். பெட்டி இல்லாமல் தனியாக விற்கும் பிராசசருக்கு நிறுவனத்தின் வாரண்டி கிடைக்காமல் போகலாம், ஆகவே சீல் உடைக்காத பெட்டியாக வாங்கு.

முதல்முறை ஆன் செய்யும்போது மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கார்டில் சொருகு; 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதால் மதர்போர்டில் சொருகினால் திரை கருப்பாகவே இருக்கும், கணினி கெட்டுவிட்டதென்று பயந்துவிடாதே. பிறகு பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயக்கு, இல்லாவிட்டால் பல ராம்கள் குறைந்த வேகத்திலேயே ஓடும். விண்டோஸில் மானிட்டரை 144 ஹெர்ட்ஸுக்கு மாற்றவும் மறந்துவிடாதே, அது பெரும்பாலும் 60இலேயே நின்றிருக்கும். இவற்றில் எந்த இடத்தில் தடை வந்தாலும் உடனே வீடியோ காலில் வா. இரவு எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா