ஆண்டறிக்கை: ஒரு மாமரமும் அதன் முறிந்த கிளையும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மைக் கட்டிப்போட்ட மாங்கிளையைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

முறிந்து விழுந்த அந்தக் கிளையை அப்புறப்படுத்தாமல் மரத்தடியிலேயே விட்டுவைத்தோம். கோடையில் அதன் மேல் கறுத்துச் சுருங்கிய தோல் துணுக்குகள் போல ஏதோ ஒட்டியிருந்தது. காய்ந்த பட்டை என்றே நினைத்தோம். ஒரு துண்டைப் பெயர்த்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டதும் மெல்ல உப்பி, மடல் விரிந்து, அசல் காது போலவே ஆகிவிட்டது! வெளிப்பக்கம் மெல்லிய ரோமம், உட்பக்கம் வழவழப்பு. அந்த வழவழப்பான பக்கத்திலிருந்துதான் ஸ்போர்கள், அதாவது காளான் பரவ உதவும் நுண்ணிய வித்துகள், உதிர்கின்றன. மரக்காது என்னும் ஜெல்லிக் காளான் இது.

அன்றிலிருந்து மரத்தையும் காளானையும் சேர்த்தே பார்த்து வந்தோம். வெயில் ஏறினால் மாமரம் வேரை நம்பி நிற்கும், இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். காளான் அப்படியே காய்ந்து கிடக்கும். மழை பட்டால் ஊறி, மறுபடி ஸ்போர் உதிர்க்கும். அதன் இழைகளைச் சுற்றியுள்ள கூழ்தான் நீரைப் பிடித்து வைக்கிறது.

மரம் வெயிலையும் காற்றையும் நீரையும் கொண்டு கட்டையைக் கட்டுகிறது. பச்சையமே இல்லாத காளான் நொதிகளைச் சுரந்து அதே கட்டையைக் கரைத்து உண்கிறது. கட்டைக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைக்கக்கூடிய உயிர்கள் மிகக் குறைவு, மரக்காது அவற்றில் ஒன்று. நம் கிளையின் உட்புறம் வெளுத்து, நகத்தால் கீறினாலே நார் நாராக வந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

1753இல் வெளியான ஒரே நூலில் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் மாமரத்துக்கும் ஒரு மரக்காதுக்கும் பெயர் வைத்தார். காளானைப் பாசிகளோடு சேர்த்திருந்தார். உண்மையில் காளான்கள் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு. அவற்றின் செல்சுவரில் இருக்கும் கைட்டின் என்னும் உறுதியான பொருள்தான் பூச்சிகளின் ஓட்டிலும் இருக்கிறது.

காளான் மரத்துக்கும் தொற்றிவிடும், கிளையை எரித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்தக் கவலை மரத்தின் மேலுள்ள அன்பில் வந்தது. ஆனால் மரக்காது பெரும்பாலும் செத்த கட்டையில்தான் பிழைக்கும். நம் மரமோ செம்பு நிறக் கொழுந்து விட்டு நன்றாகவே நிற்கிறது.

நடுவில் யாரோ பாதிக் கிளையை விறகுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மனசு கேட்கவில்லை. மீதிப் பாதியாவது முழுதாக மட்கும்வரை அங்கேயே கிடக்கட்டும் என்று தீர்மானம் முன்மொழிகிறேன். அப்புறம், அடையாளம் உறுதியாகாத எந்தக் காளானையும் தயவுசெய்து யாரும் சமைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்